இருபத்தெட்டுப் பெட்டிகள்

"மூணு சொன்னதும் எல்லாரும் ஒண்ணாத் தள்ளணும், சரியா?"

மூன்று சொன்னார்கள். ஆறு பேர் ஒன்றாகத் தள்ளினார்கள். கார் அசைவேனா என்றது. ஒருவருக்குச் செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம்.

மாஸ்டர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாகப் பேக்கரி அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அவருக்குப் பின்னால், முன்னறையில், அவருடைய மனைவி படுத்திருந்தாள். நேற்று மத்தியானம் இறந்துபோனாள். இன்று நான்கு மணிக்கு எடுக்க வேண்டும். கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே, தகரக் கொட்டகைக்குக் கீழே, ஒரு வெள்ளைக் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் கடைசியாகக் கைவைத்த கார்.

ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற இடம்தான் பக்கத்தில் இருந்தது. படுத்திருக்கிறவளை எப்படி ஒருக்களித்துக் கொண்டுபோவது?

"தள்ளினா வராதுங்க" என்றார் பல் டாக்டர். கார் அவருடையது. அதைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. துக்க வீட்டில் தன்னுடைய பொருளே இப்படி நந்தி மாதிரி நின்றால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது. "இது ஹைபிரிட். கியரே கரண்டுலதான் விழும். உள்ள கரண்டு இல்லன்னா சக்கரம் பூட்டிக்கும். கம்பெனி ஆளுக்குப் போன் பண்ணிருக்கேன். இப்ப வந்துருவார்."

பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும் இந்த மாதிரிக் கார்களைத்தான் அவள் பார்த்துவந்தாள். பன்னிரண்டு வருடம் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில். அப்புறம் ஐந்து வருடம் இந்தக் கொட்டகையில். கம்பெனியில் முடியாது என்று கைவிரித்த வண்டிகளெல்லாம் இங்கே வந்து நிற்கும். பெயர்ப்பலகை கிடையாது. மீட்டர் அக்கா வீடு எங்கே என்று கேட்டால் போதும், முக்கிலிருக்கும் சைக்கிள் கடைக்காரர் கையைக் காட்டிவிடுவார். மீட்டர் வைத்துப் பார்க்காமல் அவள் எதையும் நம்பியதில்லை. காபி சூடா இருக்கா என்று கேட்டால்கூட மீட்டரைத்தான் தேடுவாள் என்று மாஸ்டர் கேலி செய்வார். "வாய் சொல்றத நம்பலாம், மெஷின் சொல்றத நம்பலாம், ரெண்டுத்தையும் சரிபாத்துட்டு நம்பணும்" என்பாள். என்ன பெண் அவள்! கல்யாணமாகி வந்தபோது ஃப்யூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்ட வீடு இது. ஒரு வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஃப்யூஸ் போனால் இவளைக் கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. மாஸ்டருடைய மூத்த அக்கா. அழும்போதும் பேச்சை நிறுத்தாத ஜன்மம்.

"கரண்டோட விளையாடாதேன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேனே. கேட்டாளா? கையுறையக் கழட்டி வெச்சுட்டு வெறுங்கையால தொட்டிருக்கா. அத்தன வருஷம் பாத்த வேலையே அவளை எடுத்துக்கிச்சே."

மறுக்க ஆளில்லாததால் அது உண்மை மாதிரி முன்னறை முழுக்க நின்றது.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள். கரண்டு அடித்தாலும் மாரடைப்புத்தானே வரும் என்று அக்கா கேட்டாள். பெரிய டாக்டர் தோளைக் குலுக்கி, உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுவிட்டார். அந்த 'ஆனாலும்' நேற்றிலிருந்து மாஸ்டரின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அவளை முதலில் பார்த்தது பல் டாக்டர்தான். காரைப் பற்றி விசாரிக்க வந்தவர், காரின் திறந்த பின்பக்கத்தில் அவள் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கையுறை கையில் இல்லை, ஸ்டூலுக்குக் கீழே ஜோடியாகக் கிடந்தது என்று எல்லோரிடமும் சொன்னவரும் அவர்தான். மனுஷர் பார்த்ததைச் சொன்னார். அதில் தப்பில்லை.

ஆனால் மாஸ்டருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அதை மகளிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்றுக் காலை பத்தேகால் மணிவாக்கில் அவள் போன் செய்தாள். வேலை நடுவே அப்படிச் செய்வது வழக்கம்தான். அடுப்பில் ஒரு பக்கம் சூடு ஏறவில்லை, இரண்டு தட்டு பன் பாழாகிவிட்டது, மாஸ்டர் அந்த எரிச்சலில் இருந்தார். இவளோ சாவகாசமாக, மதிலில் உட்கார்ந்திருக்கிற பூனை ஒரு கண்ணை மட்டும் மூடித் தூங்குகிறது, அது எப்படி என்றாள். அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு எந்தச் சட்டை போடப் போகிறீர்கள் என்றாள். நீலச் சட்டையில் காலர் கிழிந்திருக்கிறது என்றாள். மாஸ்டர் திட்ட ஆரம்பித்தார். பழைய கதையெல்லாம் இழுத்துத் திட்டினார். கடைசியில், "ஒரு மணிக்கு அக்கா வீட்ல இருக்கணும். வெட்டிப் பேச்சுப் பேசாம சீக்கிரம் முடிச்சுத் தொலை" என்றார்.

"சரிங்க, வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டாள்.

தொலை. அதுதான் அவர் அவளிடம் சொன்ன கடைசி வார்த்தை. அவசரப்பட்டுக் கையுறையைக் கழற்றியிருக்கிறாள். கையுறை இருந்தால் நட்டு சீக்கிரம் கழலாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவசரப்படுத்தியது யார்? அக்கா சொல்கிற கரண்டு எங்கேயிருந்து வந்தது என்று மாஸ்டருக்குத்தான் தெரியும். அவர் வாயிலிருந்து வந்தது.

கம்பெனிக்காரர் ஒன்றரை மணிக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் கம்பெனி முத்திரை. காரைத் தாண்டி ஒருக்களித்து வந்து, முதலில் முன்னறைக்குப் போனார். அவளுடைய காலடியில் கைகட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"மீட்டர் அக்காவும் நானும் ஒரே நாள்ல ட்ரெய்னிங் சேந்தோம், மாஸ்டர். நான் பரீட்சையில தேறினதே அவங்க பேப்பரப் பாத்துத்தான்."

"வண்டிய நகத்தணும்" என்றார் மாஸ்டர்.

"பத்து நிமிஷ வேலை. அக்கா கழட்டி வெச்சிருக்கிற சின்ன பேட்டரிய மாட்டி, கியர நியூட்ரல்ல போட்டுத் தள்ளிரலாம். என்ன வேலை பாதியில நிக்குதுன்னு மட்டும் ஒரு தடவ பாத்துக்கறேன்."

பின்கதவைத் தூக்கினார். பெரிய பேட்டரியின் மூடி கழற்றி ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே புத்தகம் அடுக்கியதுபோலச் சாம்பல் நிறப் பெட்டிகள், நெருக்கமாக, இருபத்தெட்டு. ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை மார்க்கரால் எண் எழுதியிருந்தது. ஒரு பெட்டிக்கு இரண்டு எண். ஒன்றுக்குக் கீழே ஒன்று.

கம்பெனிக்காரர் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"என்னங்க, தள்ளலாமா?" என்று செருப்பு அறுந்தவர் கேட்டார்.

"கொஞ்சம் இருங்க." வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு போனார். "ஏழு புள்ளி ஒம்பது, ஏழு புள்ளி எட்டு. ஏழு எட்டு, ஏழு ஏழு. ஏழு ஒம்பது, ஏழு எட்டு..." பாதியில் நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அடடா, அடடா. பேட்டரி மொத்தமும் போச்சுன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன், டாக்டர். மெஷின் அப்படித்தான் சொல்லிச்சு. சொன்னத அப்படியே எழுதினேன். இங்க பாத்தா இருபத்தெட்டும் உயிரோட இருக்கு."

பல் டாக்டர் தலையாட்டினார். "அந்தச் சீட்டக் காட்டினப்ப என்னையே கேட்டாங்க. ஒரு பல்லு கூசினா முப்பத்திரண்டையும் புடுங்கிருவீங்களா டாக்டர்னு."

அந்த இடத்தில் சிரிக்கக் கூடாது. ஆனாலும் இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாஸ்டருக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. நேற்றிலிருந்து அவளைப் பற்றிப் பேசினவர்களெல்லாம் பாவம், பாவம் என்றுதான் பேசினார்கள்.

"அப்ப எதுதான் கெட்டுப்போச்சு?" என்று கேட்டார்.

கம்பெனிக்காரர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் விரித்திருந்த செய்தித்தாளைக் காட்டினார். விரல் நீளச் செம்புப் பட்டைகள் அதில் வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தன. முக்கால்வாசி புது நாணயம்போல மின்னின. கடைசி ஏழு மட்டும் பச்சையாகக் களிம்பு பிடித்துக் கிடந்தன.

"பெட்டிக்குப் பெட்டி இணைக்கிற பட்டை இது. களிம்பு ஏறினா, பேட்டரி சரியா இருந்தாலும் மெஷினுக்குத் தப்புக் கணக்குப் போகும். பட்டையத் தேய்ச்சு மாட்டினா முடிஞ்சது. இதக் கண்டுபிடிக்கத் தொறந்து பாக்கணும். நாங்க தொறக்கறதே இல்ல, மாஸ்டர். எழுதிக் குடுத்துருவோம்." அவர் குரல் இறங்கியது. "தள்ள வேணாம். எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. அக்கா விட்ட எடத்துலேர்ந்து முடிச்சு, ஓட்டியே எடுத்துட்டுப் போயிடறேன். சம்மதமா?"

மாஸ்டர் உள்ளே தன் அக்காவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "முடிங்க" என்றார்.

"ஒரே ஒரு சாமான் வேணும். ஆரஞ்சு கலர்ல ஒரு பிளக். இவ்ளோ பெரிசு இருக்கும். அத எங்க வெச்சிருப்பாங்க?"

கொட்டகை முழுக்கத் தேடினார்கள். டூல் பெட்டி, ஜன்னல் விளிம்பு, காரின் சீட்டுக்கு அடி. கிடைக்கவில்லை. மகள் வாசலுக்கு வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். அம்மாவைப் போலவே எதையும் தேடாமல் முதலில் யோசிப்பாள்.

"அம்மா பையிலதான்பா இருக்கும். ஆஸ்பத்திரில குடுத்த பையில."

ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பை முடிச்சுப் போட்டபடி இருந்தது. நேற்று அவள் உடுத்தியிருந்த வேலைச் சட்டையும் பேன்ட்டும். அதை அங்கே வைத்தது மாஸ்டர்தான். பிரிக்கவில்லை. பிரித்தால் கைமடிப்பில் கருகின அடையாளம் ஏதாவது இருந்துவிடுமோ என்று பயம்.

"நான் பிரிக்கட்டாப்பா?"

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். பவுடர் வாசனையும் ஒர்க்‌ஷாப் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தது. அவள் வேலைக்குப் போன நாளிலிருந்து, பதினேழு வருடமாக, அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கிய வாசனை. சட்டையை மேஜைமேல் விரித்து, இரண்டு கைகளையும் உள்புறம் திருப்பிப் பார்த்தார். காலரைப் பார்த்தார். கருகல் எதுவும் இல்லை. பேன்ட்டின் உள்பையில் அவளே தைத்த பட்டன் போட்டிருந்தது. அதற்குள் கனமாக ஆரஞ்சு நிறப் பிளக். கூடவே ஒரு தோள்வலித் தைலக் குப்பி, பாதி காலி. அதை அவர் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப வாங்கினா?" என்று கதவைத் திறந்து மகளைக் கேட்டார்.

"மூணு நாள் முன்னாடி நான்தான் குடுத்தேன். எடது தோள் வலிக்குது, போன வண்டியோட பேட்டரி மூடி தூக்கினதுல பிடிச்சுக்கிச்சுன்னாங்க." "நெஞ்சு வலிக்குதான்னு நான் கேட்டிருக்கணும்ல? மருந்துக் கடையில உக்காந்துட்டு நான் கேட்டிருக்கணும்."

"நீ என்னம்மா பண்ணுவ. ஊருல இருக்கிற வண்டிக்கெல்லாம் நோவு பாத்தவ, தன் நோவுக்குப் பழிய மூடி மேல போட்டுட்டா" என்றார் மாஸ்டர். மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்பாவும் மகளும் அழுதார்கள்.

பிளக்கைக் கொண்டுவந்து கொடுத்தபோது கம்பெனிக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா, பையில வெச்சு பட்டன் போட்டிருக்காங்க. இதப் பிடுங்கிட்டாத்தான் வேலையே ஆரம்பிக்கணும். பிடுங்கினத எங்கயாவது வெச்சா, தெரியாத்தனமா யாராவது திருப்பி மாட்டிருவாங்க. நாங்க டூல் பெட்டி மேல வைப்போம். அக்கா மட்டும் தன் உடம்போட வெச்சுக்குவாங்க, தேடறப்ப எனக்கே அது மறந்துபோச்சு."

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவளுடைய ஸ்டூல். கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. இதைக் கேட்க இந்த ஒரு ஆள்தான் உண்டு. நாளைக்குக் கேட்க முடியாது.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. கரண்டு அடிச்சிருக்குமா?"

கம்பெனிக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான். கையுறையக் கழட்டி வெச்சிருந்தா."

"டாக்டர், இங்க வாங்க. நீங்க பாத்தப்ப அவங்க கையில என்ன இருந்திச்சு?"

பல் டாக்டர் யோசித்தார். "ஒரு கையில உப்புத்தாள். இன்னொரு கையில... ஆமா, இந்தப் பட்டைதான். விரலைப் பிரிச்சு நான்தான் எடுத்துக் கீழ வெச்சேன்."

"அவ்ளோதான் விஷயம்." கம்பெனிக்காரர் மாஸ்டருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கேளுங்க மாஸ்டர். பட்டை மாட்டியிருக்கிற வரைக்கும்தான் இது எமன். இருபத்தெட்டும் கைகோத்துக்கிட்டு நிக்கும், தொட்டா ஆளத் தூக்கி அடிக்கும். அப்பக் கையுறை இல்லாம அக்கா கிட்டயே போக மாட்டாங்க. பட்டையெல்லாம் கழட்டிட்டா அப்புறம் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி. எட்டு வோல்ட்டுகூடக் கிடையாது. பொம்மைக்குப் போடற பேட்டரி மாதிரி. நான் இப்ப வெறுங்கையிலதான தொடறேன், பாருங்க." தொட்டுக் காட்டினார். "அவங்க கையுறையக் கழட்டினது எல்லாப் பட்டையும் கழட்டின பிறகு. செய்தித்தாள்ல அத்தன பட்டையும் இருக்கே. கரண்டு எங்கேர்ந்து வரும்?"

மாஸ்டர் நம்ப விரும்பினார். நம்ப முடியவில்லை.

"அவசரத்துல..." என்று ஆரம்பித்தார்.

"என்ன அவசரம்? இந்த ரெண்டு எண்ணு எதுக்குன்னு தெரியுமா? மேல இருக்கிறது சும்மா பாத்தது. கீழ இருக்கிறது ஒரு ஹெட்லைட் பல்ப மாட்டி, ரெண்டு நிமிஷம் எரிய விட்டு, அப்புறம் பாத்தது. சோம்பேறிப் பெட்டியா இருந்தா அந்த ரெண்டு நிமிஷத்துல பல்லக் காட்டிரும். ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்னா இருபத்தெட்டுக்குக் கணக்குப் போடுங்க. ஒரு மணி நேரம் பல்பப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. இருபதாவது பெட்டிக்கு மேல நானா இருந்தா குத்துமதிப்பா எழுதிருப்பேன். இங்க கடைசி எண்ணு வரைக்கும் கையெழுத்து மாறல. அவசரப்பட்டவங்க கையெழுத்தா இது?"

மாஸ்டர் எழுந்துபோய்ப் பார்த்தார். ஏழு புள்ளி எட்டு. ஏழு புள்ளி ஏழு. மளிகைச் சீட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்து. ஏழுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு இழுப்பாள். இருபத்தெட்டாவது பெட்டியிலும் அந்தக் கோடு இருந்தது.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். நேற்றைய போனைச் சொன்னார். பூனையைச் சொன்னார், நீலச் சட்டையைச் சொன்னார், தான் திட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். "சீக்கிரம் முடிச்சுத் தொலைன்னு சொன்னேன், தம்பி" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

கம்பெனிக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். எப்பவும் இப்படித்தான் போன் பண்ணுவாங்களா? வெட்டிப் பேச்சா?"

"வெட்டிப் பேச்சேதான். வாரத்துல நாலு நாள். நம்ம கைவேலையா இருக்கிறப்பதான் அவளுக்குப் பூனையும் காக்காவும் ஞாபகம் வரும். பேசிட்டே இருப்பா. திடீர்னு சரிங்க வெச்சுடறேன்னு வெச்சுருவா. நாம பாதி வாக்கியத்துல நிப்போம்."

"கடவுளே" என்றார் கம்பெனிக்காரர். "உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"என்ன தெரியாது?"

"பிளக்கப் பிடுங்கினதும் வேலை ஆரம்பிக்கக் கூடாது, மாஸ்டர். உள்ள மிச்சக் கரண்டு தங்கியிருக்கும். அது வடியப் பத்து நிமிஷம் சும்மா இருக்கணும். ட்ரெய்னிங்ல மொத நாள் சொல்லிக் குடுத்தது. யார் இருக்கா? நாங்க அஞ்சு நிமிஷத்துல கைய வெச்சுருவோம். இல்லன்னா டீக்குப் போயிருவோம். அக்கா பிளக்கப் பையில போட்டுட்டு உங்களுக்குத்தான் போன் பண்ணுவாங்க. பன்னெண்டு வருஷம் பாத்திருக்கேன். என்னக்கா, பத்து நிமிஷம் ஆவறதுக்குள்ள அப்படி என்ன பேசுவீங்கன்னு கேலி பண்ணுவோம். பேசறதுக்கு ஒண்ணும் இல்ல, அந்த மனுஷன் குரலக் கேட்டா நேரம் போறது தெரியாதுடாம்பாங்க."

மாஸ்டர் தன் போனைத் தேடினார். நேற்றிலிருந்து அதைத் தொடவே இல்லை. கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. மகளிடம் நீட்டினார்.

"நேத்து அம்மா பேசினது எத்தன நிமிஷம்னு பாரும்மா."

மகள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "பத்து பதினெட்டுக்கு வந்திருக்கு. பதிமூணு நிமிஷம், நாலு செகண்டு."

"பதிமூணா?"

"பதிமூணுப்பா."

ஒரு நிமிடம்கூட இருக்காது என்றுதான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். பதிமூன்று நிமிடம் திட்டியிருக்கிறார். பிளக்கைப் பையில் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டு, மதிலில் இருந்த பூனையைப் பார்த்துக்கொண்டு, அவள் அத்தனையையும் கேட்டிருக்கிறாள். பத்து நிமிடம் போதும். மூன்று நிமிடம் கூடுதலாகவே கேட்டிருக்கிறாள். அவசரப்படுத்த அவர் யார்? அவளை யாராலும் அவசரப்படுத்த முடிந்ததில்லை.

"அந்த உப்புத்தாளக் குடுங்க, தம்பி" என்றார்.

ஏழு பட்டைகளையும் அவரே தேய்த்தார். மாவு பிசைந்த கைக்கு அது பழக்கமில்லாத வேலை. முதல் பட்டையிலேயே கட்டை விரல் தோல் வழன்றது. அக்கா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு மார்பில் கைவைத்தாள்.

"டேய், உள்ள அவ கிடக்கறா. நீ காருக்குத் தேய்ச்சிட்டு உக்காந்திருக்கியே. நாலு பேர் என்னடா நெனப்பாங்க?"

"அவ செத்தது கரண்டுல இல்லக்கா" என்றார் மாஸ்டர், தலையைத் தூக்காமல். "வெளிய வந்து இவர்கிட்ட கேட்டுக்கோ. கேட்டுட்டு, உள்ள போய் எத்தன சத்தமா அதச் சொன்னியோ அத்தன சத்தமா இதையும் சொல்லு."

அக்கா வந்தாள், கேட்டாள். கம்பெனிக்காரர் அவளுக்கும் பொறுமையாகத் தொட்டுக் காட்டினார். உள்ளே போனவள் சொன்னாள். நியாயமாகச் சொல்ல வேண்டும், சத்தமாகவே சொன்னாள்.

பட்டைகள் ஏறின. நட்டுகளை ஒரே அளவாக முடுக்கி, மூடியைப் போட்டு, கம்பெனிக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு பிளக்கைச் செருகினார். சின்ன பேட்டரியை இணைத்தார். டாக்டர் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். இன்ஜின் உறுமியது. தெருவில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் ஓடிவிட்டு இன்ஜின் சட்டென்று அடங்கியது.

"போச்சு! நின்னுபோச்சு!" என்றார் செருப்பு அறுந்தவர்.

"நிக்கலைங்க. இப்பதான் பேட்டரி வேலை பாக்குது" என்றார் கம்பெனிக்காரர். டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் இல்லை. கார் சத்தமே இல்லாமல் கேட்டைத் தாண்டி வெளியே போய் ஓரமாக நின்றது. கொட்டகை காலியாக, அகலமாகக் கிடந்தது.

நான்கு மணிக்கு எடுத்தார்கள். ஒருக்களிக்க வேண்டியிருக்கவில்லை. அமரர் ஊர்தியில் அவளோடு ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள், மகள் ஏறிக்கொண்டாள். ஜனங்கள் பின்னால் நடந்தார்கள். பல் டாக்டர் தயங்கித் தயங்கி மாஸ்டரிடம் வந்து, "என் வண்டியில வரீங்களா? பின்னாடியே போலாம்" என்றார். மாஸ்டர் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

நடக்கிறவர்களின் வேகத்துக்குக் கார் ஊர்ந்தது. முன்னால் இருந்த சின்னத் திரையில் ஒரு பேட்டரிப் படம். அதிலிருந்து சக்கரத்துக்கு ஒரு அம்புக்குறி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதையே பார்த்தார். ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். வெளியே செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆச்சரியமா இருக்கு" என்றார் டாக்டர் மெல்ல. "இன்ஜின் இன்னும் எழுந்திரிக்கவே இல்ல. கொஞ்சம் அழுத்தினா எழுந்துரும்."

"அழுத்தாதீங்க, டாக்டர்" என்றார் மாஸ்டர். "மெதுவாவே போங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

சைக்கிள் கடை முக்குவரை இன்ஜின் எழுந்திருக்கவில்லை. முக்கு திரும்பிய பிறகும்.